வால்ட் டிஸ்னியின் தோட்டத்துப் புகைவண்டி

வால்ட் டிஸ்னி என்றதும் நம் நினைவில் துள்ளி வருவது மிக்கி என்னும் சுண்டெலி. அதன் பின்னால் குள்ளர் எழுவரும், மூக்கு நீண்ட மரப்பாவையும், காது பெருத்த யானைக்குட்டியும் அணிவகுத்து வருவர். ஆஸ்கார் பரிசுகளை அவரளவுக்கு வாங்கிக் குவித்த தனிமனிதர் வேறொருவர் இலர். அவருடைய திரைப்படங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். ஆகவே, மாணவ நண்பர்களே, அந்தப் பக்கம் நான் அதிகம் போகப் போவதில்லை. அந்த மாமனிதர் தம் நாற்பத்தேழாம் வயதில், பெயரும் புகழும் பெற்றபின், ஒரு சிறு புகைவண்டி எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, அதன் உறுப்புகள் சிலவற்றைத் தம் கைகளாலேயே செய்து, வீட்டுத் தோட்டத்தில் ஓட்டினாரே, அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகின்றேன். இயற்பியல் பயிற்றுவிப்பவன் ஆதலால் அந்த எஞ்சின் மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

டிஸ்னி 1901 டிசம்பர் 5-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை இலியாஸ், தாய் ஃப்ளோரா. 1906-இல் குடும்பம் மிசௌரி மாநிலத்து மார்சலின் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. சிகாகோவையும் கான்சஸ் நகரையும் இணைக்கும் சாண்டா ஃபே இருப்புப்பாதை அவ்வூர் வழியே சென்றது. உறவினரான மைக் மார்ட்டின் அந்தப் பாதையில் எஞ்சின் ஓட்டுநர். மாமன் ஓட்டும் வண்டி என்றால் எந்தச் சிறுவனுக்குத்தான் பெருமை இராது? மார்சலினில் அக்குடும்பம் வாழ்ந்தது சில ஆண்டுகளே. பண்ணை நலிந்தது, தந்தையின் உடல்நலமும் குன்றியது. 1911-இல் கான்சஸ் நகரில் குடியேறிச் செய்தித்தாள் வினியோகத்தை மேற்கொண்டார்கள். விடியுமுன் எழுந்து, முழங்கால் புதையும் பனியில் வீடுவீடாகத் தாள் போட்ட சிறுவன் வால்ட், மார்சலினையும் அதன் வண்டிகளையும் சாகும்வரை மறக்கவில்லை.

1917-ஆம் ஆண்டுக் கோடையில், பதினைந்து வயதில், ஓடும் வண்டிகளில் செய்தித்தாள், பழம், மிட்டாய், சோடா விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை அணிந்து பெட்டி பெட்டியாக நடந்தார். வியாபாரம் என்னவோ நஷ்டந்தான். காலிப் புட்டிகள் காணாமற்போயின, பழங்கள் அழுகின. அண்ணன் ராய் பிணையாகக் கட்டிய தொகையும் அதிலே கரைந்தது. ஆனால் எஞ்சின் ஓட்டுநருக்கும் கரி அள்ளிப் போடுபவருக்கும் புகையிலை கொடுத்து, எஞ்சினுக்குப் பின்னுள்ள கரி வண்டியில் ஏறிப் பயணம் செய்யும் பேறு கிடைத்தது. அதை நஷ்டக் கணக்கில் சேர்க்க அவர் ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார்!

பின்வந்த ஆண்டுகளை விரைந்து கடப்போம். முதல் உலகப் போர் முடிந்தபின் பிரான்சில் செஞ்சிலுவைச் சங்க ஊர்தி ஓட்டினார். கான்சஸ் நகரில் தொடங்கிய படக் கம்பெனி 1923-இல் நொடித்தது. கையில் சொற்பக் காசுடன் புகைவண்டி ஏறிக் கலிஃபோர்னியா சேர்ந்தார். 1925-இல் லில்லியன் பவுண்ட்ஸ் என்ற மங்கையை மணந்தார். 1928-இல், தாம் உருவாக்கிய முயல் பாத்திரத்தின் உரிமையை நியூயார்க் வினியோகஸ்தரிடம் இழந்துவிட்டு மனைவியுடன் ஊர் திரும்பும் புகைவண்டியிலேதான் மிக்கியைப் பற்றிய எண்ணம் பிறந்தது என்பார்கள். அதே ஆண்டு நவம்பரில் மிக்கி பேசும்படத்தில் தோன்றிற்று. 1937-இல் முழுநீளச் சித்திரப்படம் வெளியாகி உலகை வியக்க வைத்தது.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் இருக்குமன்றோ? 1941-இல் ஸ்டூடியோவின் சித்திரக்காரர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தனர். தம் பட்டறையை ஒரு குடும்பம் என்று எண்ணியிருந்த டிஸ்னிக்கு வாயிலில் பதாகை பிடித்து நின்ற தம் ஆட்களைக் கண்டதும் நெஞ்சு கசந்தது. நியாயம் யார் பக்கம் என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். ஊதியத்திலும் அங்கீகாரத்திலும் ஏற்றத்தாழ்வுகள் மலிந்திருந்தன என்பதை மறுக்க முடியாது என்பது என் கருத்து. டிஸ்னியோ அதைச் சதி என்றே எடுத்துக்கொண்டார், கடைசிவரை மன்னிக்கவும் இல்லை. அதற்கு முன்பே ஐரோப்பாவில் போரும் மூண்டிருந்தது. ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. வங்கிக் கடன் 40 லட்சம் டாலரைத் தாண்டியது. போர் முடிந்தபோது, முன்பு ஒவ்வொரு சித்திரக்காரரின் மேசையருகிலும் நின்று பேசிய மனிதர், தம் ஸ்டூடியோவிலேயே அந்நியர்போல் ஆகிவிட்டார். கழுத்தில் பழைய போலோ விளையாட்டுக் காயத்தின் வலி வேறு.

1947 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் தமக்கென ஒரு மின்சாரப் பொம்மை இரயிலை வாங்கித் தம் அலுவலறையை அடுத்த அறையில் அமைத்தார். குழந்தைத்தனம் என்று நகைக்கலாம். ஆனால் அவருக்கு அது போதவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அவரிடம் பணிபுரிந்த சித்திரக்காரர் இருவர் ஏற்கெனவே இத்துறையில் கைதேர்ந்தவர்கள். ஒருவர் வார்டு கிம்பால். சான் கேப்ரியலில் தம் வீட்டின் பின்புறத்தில் 1938 முதலே மூன்றடி அகல இருப்புப்பாதை போட்டு, 1881-இல் செய்யப்பட்ட முழு அளவு நீராவி எஞ்சினையே ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் ஆலி ஜான்ஸ்டன். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் சிற்றெஞ்சின் செய்தவர். இருவர் வீட்டுக்கும் சென்று பார்த்த டிஸ்னியின் உள்ளத்தில் ஆசை மூண்டது.

1948 ஆகஸ்டில் சிகாகோவில் மாபெரும் இரயில் பொருட்காட்சி நடந்தது. ஓய்வு தேவை என்று ஸ்டூடியோவின் செவிலியார் யோசனை கூற, டிஸ்னி கிம்பாலை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பழம்பெரும் எஞ்சின்களைத் தொட்டுப் பார்த்தும், ஏறி ஓட்டிப் பார்த்தும் மகிழ்ந்தார். ஊர் திரும்பியதும் தமக்கெனச் சொந்தமாக ஓர் எஞ்சின் செய்வது என்ற முடிவு உறுதிப்பட்டுவிட்டது.

எந்த எஞ்சினைச் செய்வது? எந்த அளவில் செய்வது? தோட்டத்து இரயில் அமைப்போர் அனைவர்க்கும் முதலில் எழும் வினாக்கள் இவை. கிம்பாலின் எஞ்சினைப் போல் முழு அளவானால் வீட்டைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட இடம் போதாது. ஜான்ஸ்டனின் அளவானால் பாதை எளிது, ஆனால் வண்டிக்குள் நுண்ணிய வேலைப்பாடு செய்யக் கைக்கு இடம் குறைவு. டிஸ்னி எட்டில் ஒரு பங்கைத் தேர்ந்தார். அடிக்கு ஒன்றரை அங்குலம். வளர்ந்த ஆள் ஏறி அமரலாம், கார்டு வண்டிக்குள் கைவிட்டு வேலை செய்யலாம். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 7¼ அங்குலம். கணக்குப் போட்டால் அமெரிக்க இருப்புப்பாதையின் 56½ அங்குலத்தில் எட்டிலொன்று 7 அங்குலத்துக்குச் சற்றே கூடும், அவ்வளவுதான். பொழுதுபோக்காளரிடையே வழக்கிலிருந்த 7¼-ஐ அவர் ஏற்றுக்கொண்டார். எல்லாவற்றிலும் இம்மி பிசகாமல் இருக்க விரும்பிய மனிதர், இங்கே வசதிக்கு விட்டுக்கொடுத்தது எனக்குச் சுவையாகப் படுகிறது.

மாதிரிக்கு அவர் தெரிந்தெடுத்தது சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் 173-ஆம் எண் எஞ்சின். நாரிஸ் கம்பெனி 1864-இல் கட்டியது, 1872-இல் சாக்ரமெண்டோ பணிமனையில் புதுப்பிக்கப்பட்டது. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், அவற்றின் பின் இயங்கும் பெருஞ்சக்கரங்கள் நான்கு. மேலே விரிந்த புகைபோக்கி, பெட்டி போன்ற பெரிய முகப்பு விளக்கு, பளபளக்கும் பித்தளைப் பட்டைகள், மரத்தாலான ஓட்டுநர் அறை. அமெரிக்க மேற்கின் ஒரு காலமே அதில் ஏறி நிற்பதுபோல் இருக்கும். அவர் காலத்து நவீன எஞ்சின்கள் வலிமையில் பெரியவை, கண்ணுக்கோ வெறும் கரிய இரும்புக் குழாய்கள். மேலும், பழைய எஞ்சினில் இயங்கும் உறுப்புகள் யாவும் வெளியே தெரியும்படி இருக்கும். தேர்வு சரியான தேர்வே.

பழைய வரைபடங்களை வரவழைத்து, எடி சார்ஜன்ட் என்ற வரைவாளர் எட்டிலொரு பங்குக்குப் புதிய வரைபடங்கள் தயாரித்தார். இவ்விடத்தில் என் பாடத்தைச் சற்று நுழைப்பதற்கு மன்னிக்க வேண்டும். நீளம் எட்டிலொன்றானால் பரப்பு 64-இல் ஒன்றாகும், கன அளவு 512-இல் ஒன்றாகும். ஆகவே சிறு கொதிகலனில் ஒவ்வொரு சேர் தண்ணீருக்கும் வெப்பம் வெளியேறும் பரப்பு எட்டு மடங்காகிறது. நெருப்பு சிறிது அயர்ந்தால் நீராவி அழுத்தம் விழுந்துவிடும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அதே விகிதத்தில் சுருக்கினால், நுண்புழை ஏற்றத்தால் நீர் உண்மை மட்டத்தைவிட உயர்ந்து நின்று ஓட்டுபவனை ஏமாற்றும். கொதிகலனில் நீர் குறைந்ததை அறியாதிருப்பது உயிருக்கே ஆபத்து. ஆகையால் தோற்றத்தைச் சுருக்கலாம், இயற்கை விதிகளைச் சுருக்க முடியாது. எந்த உறுப்பு கண்ணுக்காக, எந்த உறுப்பு வேலைக்காக என்று பிரித்தறிவதே சிற்றெஞ்சின் செய்பவனின் கலை.

அந்தக் கலையை டிஸ்னிக்குக் கற்பித்தவர் ரோஜர் பிராகி. ஸ்டூடியோவின் இயந்திரப் பட்டறைத் தலைவர். மாலை வேளைகளில் டிஸ்னி பட்டறைக்கு வருவார். அங்கே அவர் முதலாளி அல்லர், கடைநிலைப் பயில்பவர். லேத்தில் பித்தளையைக் கடையவும், தகட்டை வெட்டி மடக்கவும், பற்றவைக்கவும் தம்மிடம் சம்பளம் வாங்குபவரிடமே கற்றுக்கொண்டார். அடித்தளச் சட்டம், சிலிண்டர், கொதிகலன் முதலிய கனமான வேலைகளைப் பட்டறையினர் செய்தனர். புகைபோக்கி, முகப்பு விளக்கு, கைப்பிடிக் கம்பிகள், கொடிக்கம்புகள் ஆகியவை டிஸ்னியின் கைவண்ணம். அவர் விரைவில் கற்றார் என்றும், சொல்லிக் கொடுத்ததைத் தட்டாமல் கேட்டார் என்றும் பட்டறையினர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் குரலுக்குச் செவிசாய்க்க முடியாத அதே மனிதர்தாம் இவர். சித்திர மேசையருகே அவர் சொல்வதே சட்டம். லேத் முன்னே பித்தளைக்கு அவர் யாரென்று தெரியாது. ஒரு கோடு ஆழமாகச் சென்றுவிட்டால் யார் செய்தாலும் உறுப்பு வீண்தான். அந்தச் சமத்துவம் அவருக்கு மருந்தாக அமைந்தது என்று நான் எண்ணுகிறேன்.

1949 டிசம்பர் 24-ஆம் நாள், ஸ்டூடியோவின் படப்பிடிப்புத் தளத்தில் போட்ட பாதையில் எஞ்சின் முதன்முதலாக நீராவி கக்கி ஓடியது. மனைவியின் பெயரால் அதற்கு லில்லி பெல் என்று பெயரிட்டார். தம் தோட்டத்தைத் தண்டவாளத்துக்குப் பறிகொடுக்கவிருந்த அம்மையாருக்கு அது ஒரு காணிக்கை போலும்!

எஞ்சினைவிட என்னை மிகவும் கவர்ந்தது வண்டித்தொடரின் கடைசியில் வரும் மஞ்சள் நிறக் கார்டு வண்டிதான். சரக்குப் பெட்டிகளைப் பட்டறையினர் செய்தார்கள். கார்டு வண்டியைப் பெரும்பாலும் டிஸ்னி ஒருவரே மரத்தில் இழைத்தார். அதனுள்ளே படுக்கைப் பலகைகள், கைகழுவும் தொட்டி, செய்தித்தாள் வைக்கும் தட்டு, கதவுக்குப் பித்தளைப் பிடி. நடுவே குளிர்காயும் குண்டு அடுப்பு ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் அளவு. கதவை மூடிவிட்டால் இவற்றில் ஒன்றும் வெளியே தெரியாது. பார்க்கப் போகிறவர் யார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அடுப்புக்கு மாதிரி செய்து வார்த்தெடுத்தபின் அதன் அழகில் தாமே மயங்கி, மேலும் சுமார் நூறு அடுப்புகள் வார்த்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வண்ணம் பூசினார். சில நியூயார்க்கிலுள்ள பழம்பொருள் கடையில் 25 டாலர் வீதம் விலைபோயின. மற்றவற்றை நண்பர்களுக்கு வழங்கினார். கோடிக்கணக்கில் வரவு செலவு செய்த மனிதருக்கு அந்த 25 டாலர் தந்த மகிழ்ச்சி அலாதியானது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில், கேரல்வுட் என்னும் தெருவில் புது வீட்டுக்கு மனை வாங்கியபோதே இரயிலை மனத்தில் வைத்துத்தான் வாங்கினார். தெருவின் பெயரால் கேரல்வுட் பசிபிக் இரயில்வே என்று தம் பாதைக்குப் பெயர். மனைவியும் இரு மகள்களும் பாதை செல்லும் நிலத்தின் மீது உரிமை கொண்டாடுவதில்லை என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். வேடிக்கைக்காகத்தான், ஆனால் வக்கீல் எழுதிய பத்திரம்! பாதையின் மொத்த நீளம் 2,615 அடி. 46 அடி நீளத்துக்கு மரக்கால் பாலம். மனைவியின் பூம்பாத்தியைக் கெடுக்கக்கூடாது என்பதால் அதன் அடியில் 90 அடிச் சுரங்கம். அதுவும் நேராக அன்று, பாம்புபோல் நெளிந்து சென்றது. உள்ளே நுழைபவருக்கு மறுமுனை வெளிச்சம் தெரியாதிருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நேராக வெட்டினால் செலவு குறையும் என்று யாரோ சொன்னபோது, வெட்டாமலே விட்டால் இன்னும் குறையும் என்று பதிலிறுத்ததாகச் சொல்வதுண்டு. அண்டை வீட்டார் கண்ணுக்கும் காதுக்கும் தொல்லையில்லாதபடி மண்மேடு ஒன்றும் எழுப்பினார். மார்சலின் பண்ணையிலிருந்த களஞ்சியத்தைப் போலவே தோட்டத்தில் ஒரு மரக்கொட்டில் கட்டி, அதில் தம் தச்சுப் பட்டறையை வைத்துக்கொண்டார்.

1950 மே 7-இல் பாதை திறக்கப்பட்டது. கோடு போட்ட தொப்பியும் வேலைக்கார உடையுமாக டிஸ்னி கரி வண்டியின் மேல் அமர்ந்து ஓட்டுவார். விருந்தினர் திறந்த சரக்கு வண்டிகளில் கால்பரப்பி அமர்வர். இவர் விளையாட்டில் மூழ்கி ஸ்டூடியோவைக் கைவிட்டார் என்று குறை கூறினோர் உண்டு. ஆயினும், அதே 1950-இல் வெளியான சின்ட்ரெல்லா படந்தான் ஸ்டூடியோவைக் கடனிலிருந்து மீட்கத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

1953-இல் விபத்து நேர்ந்தது. விருந்தினர் ஒருவர் எஞ்சினை வளைவில் மட்டுமீறிய வேகத்தில் ஓட்டினார். எஞ்சின் தடம் புரண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. ஊதல் முறிந்து நீராவி பீறிட்டது. என்னவென்று பார்க்க ஓடிவந்த ஐந்து வயதுச் சிறுமியின் கால்களில் சூடு பட்டுவிட்டது. வளைவில் கவிழாதிருக்க வேகத்தை எவ்வளவு குறைப்பது? பாதையின் வளைவையும் வண்டியின் உயரத்தையும் எட்டிலொன்றாக்கினால், வேகத்தை எட்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். பெரிய வண்டி 30 மைல் வேகத்தில் திரும்பும் வளைவில் சிறிய வண்டிக்கு 10 மைலுக்குச் சற்று மேலேதான் இடமுண்டு. கண்ணுக்கு அது நடை வேகமாகப்படும், கை தானாக விசையைத் தள்ளும். அதோடு, ஏறி அமரும் மனிதன் மட்டும் எட்டிலொரு பங்காகச் சுருங்குவதில்லையே!

சிறுமியின் காயம் பெரிதன்று. ஆனாலும் டிஸ்னி எஞ்சினை ஸ்டூடியோவுக்குத் திருப்பி அனுப்பிக் கிடங்கில் வைத்துவிட்டார். தோட்டத்தில் மூன்றாண்டுகள் ஓடிய வண்டி நின்றது. ஐந்து ஆண்டு ஆசையை, சொந்தக் கைவேலையை, ஒரு குழந்தையின் காலுக்காக ஒரே நாளில் நிறுத்தியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் பாதை நின்றதே தவிர, எண்ணம் நிற்கவில்லை. அனஹைமில் எழுந்த டிஸ்னிலேண்ட் பூங்காவைச் சுற்றி ஓர் இரயில் ஓடவேண்டும் என்று முதலிலிருந்தே அவர் வற்புறுத்தினார். அதன் எஞ்சின்களுக்கு அடிப்படை கிடங்கில் கிடந்த லில்லி பெல்லின் வரைபடமே. அதை ஐந்து மடங்கு பெருக்கினார்கள். 7¼ அங்குலத்தை ஐந்தால் பெருக்கினால் 36¼. மூன்றடிப் பாதைக்கு ஏறக்குறைய அச்சாகப் பொருந்திற்று! அதாவது எட்டிலொன்றாகச் சுருங்கிய எஞ்சின், எட்டில் ஐந்தாக வளர்ந்தது. மறைப்புக்காகத் தோட்டத்தில் எழுப்பிய மண்மேடும் பூங்காவைச் சூழ்ந்த பெரிய மேடாக வளர்ந்தது. 1955 ஜூலை 17-இல் பூங்கா திறந்தபோது, டிஸ்னியே எஞ்சின் ஓட்டி வந்து இறங்கினார். இரண்டு புது எஞ்சின்கள் போதாமற்போகவே, லூசியானா கரும்புத் தோட்டத்தில் ஓடிய 1894-ஆம் ஆண்டு எஞ்சின் ஒன்றைத் தேடி வாங்கிச் செப்பனிட்டு 1958-இல் ஓடவிட்டார்கள். நான்காவதும் அவ்வாறே 1959-இல் வந்தது. புதிது கட்டுவதைவிடப் பழையதைப் பொறுக்கியெடுத்துப் புதுப்பிப்பது மலிவு என்பதை அப்போது கண்டுகொண்டார்கள்.

1966 டிசம்பர் 15-இல், 65-ஆம் வயதில் டிஸ்னி புற்றுநோயால் காலமானார். ஃப்ளோரிடாவில் அமையவிருந்த பூங்காவை அவர் காணவில்லை. அதற்கு எஞ்சின் தேடும் பொறுப்பு பிராகிக்கு வந்தது. 1969-இல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய எஞ்சின்கள் நான்கை அவர் பொறுக்கியெடுத்தார். 1971-இல் அவை புதுக்கோலம் பூண்டு ஓடத் தொடங்கின. நான்குக்கும் பெயர் சூட்டினார்கள். ஒன்றுக்கு வால்ட்டின் பெயர், ஒன்றுக்கு அண்ணன் ராயின் பெயர், ஒன்றுக்கு மீண்டும் லில்லி பெல். மற்றொன்றின் ஓட்டுநர் அறைப் பக்கத்தில் ரோஜர் பிராகியின் பெயர் எழுதப்பட்டது.

தோட்டத்தில் ஓடிய பழைய லில்லி பெல் இன்று சான் பிரான்சிஸ்கோவில், 2009-இல் திறந்த டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரக்கொட்டிலைப் பெயர்த்தெடுத்து லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில், சிற்றெஞ்சின் ஓட்டுவோர் சங்கத்தின் திடலில் நிறுத்தி, 1999-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.